நமீபியாவின் மணல்மேடுகளில் ஜீப்பில் போய்ச் சின்ன உயிர்களைப் பார்ப்பது எப்படி

பாலைவன சஃபாரி என்றதும் நம் ஆட்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது துபாய்தான். லேண்ட் குரூசர் மணல்மேட்டில் சர்ரென்று ஏறும், இறங்கும், உள்ளே எல்லாரும் கத்துவார்கள், பொழுது சாய்ந்ததும் கூடாரத்தில் சாப்பாடு. தென்மேற்கு ஆப்பிரிக்காவில், நமீபியாவின் ஸ்வாகோப்மண்ட் ஊரிலிருந்து கிளம்பும் மணல்மேட்டுப் பயணத்தை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். வண்டி அதே மாதிரி வண்டிதான், ஆனால் பெரும்பாலும் ஊர்ந்துதான் போகும், அடிக்கடி நிற்கும், கைடு இறங்கி நடந்துபோய் மணலில் கிடக்கும் ஏதோ ஒரு கோட்டைக் குனிந்து பார்ப்பார், அந்தக் கோடு முடிகிற இடத்தில் மெல்லத் தோண்டி, தோல் வழியே உள்ளுறுப்பெல்லாம் தெரிகிற ஓர் இளஞ்சிவப்புப் பல்லியை எடுத்துக் காட்டுவார். மழை என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமே இல்லாத மணலில் இத்தனை உயிர்கள் எப்படிப் பிழைக்கின்றன என்று கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் சரியான பயணத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும், சரியான நேரத்தில் போக வேண்டும், வண்டியில் இருக்கும்போது கைடு சொல்வதைக் கேட்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் வெறும் மணலைப் பார்த்துவிட்டுத்தான் திரும்புவீர்கள்.

முதலில் இடத்தைப் புரிந்துகொள்ளுங்கள்

ஸ்வாகோப்மண்ட் அட்லாண்டிக் கரையில் இருக்கிறது. அங்கிருந்து தெற்கே முப்பது கிலோமீட்டர் சொச்சத்தில் வால்விஸ் பே என்ற துறைமுக ஊர். இரண்டுக்கும் நடுவில் கடலை ஒட்டி ஒரு மணல்மேட்டுப் பட்டை ஓடுகிறது, காலைப் பயணம் நடப்பது இதில்தான். தெற்கே கிடக்கும் மாபெரும் நமீப் மணல் கடலை, எப்போதாவது வெள்ளம் வரும் குய்செப் ஆறு வடக்கே நகரவிடாமல் தடுத்து வைத்திருக்கிறது. கடலோரத்தில் மட்டும் மணல் அந்த ஆற்றைத் தாண்டி வந்துவிடுகிறது, அப்புறம் ஸ்வாகோப் ஆற்றோடு இந்தப் பட்டையும் நின்றுவிடும். 2010இல் டோரோப் தேசியப் பூங்கா என்று அறிவித்து இந்தக் கடற்கரைப் பகுதியைப் பாதுகாப்பில் கொண்டுவந்தார்கள். அதனால் மணல்மேட்டுக்குள் வண்டி ஓட்ட அனுமதி வேண்டும், அனுமதித்த பகுதியை விட்டு விலகவும் கூடாது.

ஆண்டுக்கு 20 மில்லிமீட்டர் மழைகூடப் பெய்யாத கரை இது. ஆனால் அண்டார்டிக் பக்கத்திலிருந்து வரும் குளிர்ந்த பெங்குவேலா நீரோட்டம் கரையை ஒட்டி ஓடுவதால், கடலுக்கு மேலே காற்று குளிர்ந்து மூடுபனியாகி இரவிலும் விடியற்காலையிலும் உள்நாட்டுக்கு நகர்ந்து வரும். இங்கே இருக்கிற அத்தனை உயிருக்கும் குடிதண்ணீர் அந்தப் பனிதான். கிழக்கிலிருந்து வீசும் காற்று காய்ந்த புல் துணுக்கு, செத்த பூச்சி, விதை என்று எதையெதையோ அள்ளிக்கொண்டு வந்து மணல்மேட்டின் சரிவு அடியில் கொட்டிவிட்டுப் போகும். பார்ப்பதற்குக் குப்பை மாதிரி இருக்கும், ஆனால் சாப்பாட்டுச் சங்கிலி தொடங்குவதே அங்கேதான். அதை வண்டுகளும் வெள்ளிப்பூச்சிகளும் தின்னும், அவற்றைப் பல்லி தின்னும், பல்லியைப் பாம்பு தின்னும். நல்ல கைடு முதலில் இந்தக் குப்பையைக் கையில் அள்ளிக் காட்டிவிட்டுத்தான் மற்றதைப் பேசவே ஆரம்பிப்பார்.

முன்பதிவு செய்யும் முன் கேட்க வேண்டியவை

ஸ்வாகோப்மண்டில் மணல்மேட்டுக்குப் போக நாலு விதமான பயணம் விற்பார்கள்: குவாட் பைக் என்ற நாலு சக்கர பைக், பலகையில் சறுக்குவது, சாண்ட்விச் ஹார்பர் என்ற கடலோர இடத்துக்கு ஜீப், அப்புறம் "லிவிங் டெசர்ட்" என்று பொதுவாகச் சொல்லப்படும் உயிரினப் பயணம். நமக்கு வேண்டியது கடைசியாகச் சொன்னது. பெயர் ஒன்றாக இருந்தாலும் நடத்துகிறவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி இல்லை, அதனால் மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ சில கேள்விகளை நேரடியாகக் கேட்டுவிடுங்கள். காலை எத்தனை மணிக்குக் கிளம்புகிறீர்கள்? எட்டு மணி வாக்கில் என்றால் சரி, பத்து மணிக்கு மேல் என்றால் வேண்டாம். வண்டி ஓட்டுகிறவரே கைடா, ஒரு வண்டியில் எத்தனை பேர்? ஏழெட்டுப் பேருக்கு மேல் போனால் ஒரு சின்னப் பல்லியைச் சுற்றி எல்லாரும் முண்டியடிக்க வேண்டியிருக்கும். பூங்கா அனுமதி கட்டணத்தில் சேர்ந்ததா? கைடு எந்த மொழியில் விளக்குவார்? அங்கே ஆங்கிலத்தோடு ஜெர்மனும் சகஜம், இரண்டு மொழிக்காரர்களை ஒரே வண்டியில் ஏற்றினால் பாதி நேரம் நமக்குப் புரியாத பேச்சிலேயே போய்விடும்.

இவற்றைவிட முக்கியமாக நான் நினைக்கும் கேள்வி ஒன்று இருக்கிறது. பிடித்துக் காட்டும் உயிரை என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். முதலில் சொன்ன அந்த இளஞ்சிவப்புப் பல்லிக்குப் பால்மாட்டோ பல்லி என்று பெயர், அது இரவில் நடமாடும் உயிர், அதன் தோலுக்கு வெயிலைத் தாங்கும் சக்தி கிடையாது. அக்கறை உள்ள கைடு அதைத் தன் நிழலில் வைத்து ஓரிரு நிமிடம் காட்டிவிட்டு, எடுத்த இடத்திலேயே விட்டு, மணலை மூடி, அது உள்ளே போய்விட்டதா என்று பார்த்துவிட்டுத்தான் நகர்வார். "நீங்களே கையில் பிடித்துப் படம் எடுத்துக்கொள்ளலாம்" என்று ஆசை காட்டுகிறவர்களிடம் போகாதீர்கள். பல்லியைக் காதில் கடிக்கவிட்டுக் கம்மல் போலத் தொங்கவைத்துப் படம் எடுக்கும் பழக்கமும் அந்தப் பக்கம் உண்டு, தயவுசெய்து அதைக் கேட்காதீர்கள், யாராவது செய்தாலும் சிரித்து ஊக்கப்படுத்தாதீர்கள்.

காலையில்தான் போக வேண்டும் என்பதற்குக் காரணம் இருக்கிறது. இரவில் நடமாடியவை விட்டுச் சென்ற தடம் காலையில் மட்டும்தான் அப்படியே இருக்கும். சூரியன் தாழ்வாக இருக்கும்போது ஒவ்வொரு தடத்திலும் நிழல் விழும், அதனால் மெல்லிய கோடுகூடத் தெரியும். நண்பகல் நெருங்க நெருங்கக் கடற்காற்று வலுத்து எல்லாவற்றையும் அழித்துவிடும், வெளிச்சமும் தலைக்கு மேலே வந்து மணல் ஒரே வெள்ளையாகிவிடும்.

என்ன எடுத்துக்கொள்வது

குளிருக்கு உடை. பாலைவனம்தானே என்று அரைக்கை சட்டையோடு போனால் மூடுபனியில் நடுங்குவீர்கள், இரண்டு மணி நேரம் கழித்து அதே இடத்தில் வியர்க்கும். அதனால் உள்ளே பருத்திச் சட்டை, மேலே ஸ்வெட்டர், அதற்கு மேலே காற்றுப் புகாத ஒரு ஜாக்கெட் என்று கழற்றிக்கொண்டே போகிற மாதிரி போடுங்கள். பனி மூடியிருந்தாலும் வெயில் தோலைச் சுடும், சன்ஸ்கிரீன் முதலிலேயே பூசிவிடுங்கள். தொப்பிக்குத் தாடைக் கயிறு இருந்தால் நல்லது. வண்டி குலுக்கலில் தலை சுற்றுகிறவர்கள் கிளம்புவதற்கு அரை மணி முன்பே மாத்திரை போட்டுக்கொள்ளுங்கள். முதுகு வலி உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் முன்பதிவின்போதே சொல்லிவிட வேண்டும். உள்ளே கழிப்பறை கிடையாது, கிளம்பும் முன் போய்விடுங்கள்.

கேமரா கொண்டுபோகிறவர்கள் லென்ஸை ஊரிலேயே மாட்டிவிட்டுத்தான் வண்டி ஏற வேண்டும். மணலில் நின்று லென்ஸ் மாற்றினால் கேமராவுக்குள் போகும் தூசி வீடு வரைக்கும் கூடவே வரும். போனில் எடுப்பதாக இருந்தால் முழங்கால் போட்டு, பல்லியின் கண் மட்டத்துக்கு இறங்கி எடுங்கள், நின்றபடி மேலிருந்து எடுத்த படத்தில் அது மணலோடு மணலாகக் கலந்துவிடும். ஃபிளாஷ் வேண்டாம்.

தடம் பார்க்கப் பழகுங்கள்

வண்டி நின்றதும் கதவைத் திறந்து குதிக்காதீர்கள். கைடு தனியாக முன்னே போவது தடம் கலையக் கூடாது என்பதற்காகத்தான், நாம் நாலு பேர் குறுக்கே நடந்தால் அவர் தேடுவது அத்தோடு போச்சு. அவர் கூப்பிட்டபின் போங்கள், அவர் காலடி பட்ட வழியிலேயே போங்கள், புதரின் அடிப்பக்கம் மட்டும் வேண்டாம், ஏனென்றால் விரியன் படுத்திருப்பது பெரும்பாலும் அங்கேதான்.

சும்மா வேடிக்கை பார்க்காமல் நீங்களும் தடத்தைப் படிக்கப் பழகினால் பயணமே வேறு மாதிரி ஆகிவிடும். இரண்டு வரிசையாகச் சின்னச் சின்னப் புள்ளி ஓடினால் வண்டு. கால் பதிவுகளுக்கு நடுவில் ஒரு மெல்லிய வால் கோடு இருந்தால் பகலில் ஓடும் பல்லி. மணலுக்குச் சற்றுக் கீழே ஏதோ நீந்திப் போனது போல வளைந்து வளைந்து ஒரு பள்ளம் தெரிந்தால், அது காலில்லாத அரணை. அதன் முனையில் கையை விட்டால் மணலோடு சேர்ந்து வெள்ளியாக ஒன்று நெளியும், அதையும் கைடே செய்யட்டும். ஒன்றோடொன்று தொடாமல் சாய்வாக, படிக்கட்டு போல வரிசையாகக் கோடுகள் இருந்தால் பக்கவாட்டில் எறிந்து எறிந்து நகரும் பெரிங்கே விரியன் அந்த வழியாகப் போயிருக்கிறது. தடத்தின் விளிம்பு கூர்மையாக இருக்கிறதா என்று பாருங்கள், கூர்மை என்றால் புதிது, ஓரம் உதிர்ந்து மழுங்கியிருந்தால் பழையது. பழைய தடத்தின் பின்னால் போவதில் பயனில்லை.

யார் யாரைப் பார்க்கலாம்

ஆப்பிரிக்கா என்றால் யானை, சிங்கம் என்று பெரிய ஐந்து விலங்குகளைச் சொல்வார்களே, இங்கே கைடுகள் "சின்ன ஐந்து" என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். ஆளுக்கு ஆள் ஐந்தாவது பெயர் மாறும். நாலு பெயர் பெரும்பாலும் எல்லாரிடமும் இருக்கும்.

பால்மாட்டோ பல்லிக்கு வாத்துக்கு இருப்பது போல விரலிடைச் சவ்வு உண்டு, அதை வைத்துத்தான் மணலைத் தோண்டுகிறது. கண்ணுக்கு இமை கிடையாது, நாக்கால் கண்ணை நக்கித் துடைத்துக்கொள்ளும், மூடுபனி படிந்த காலையில் அந்த ஈரம்தான் அதற்குத் தண்ணீரும். அருகில் இருந்து பார்க்கும்போது ஒரு சொட்டு நீர் அதன் தலையில் உருண்டு நிற்பதைப் பார்க்கும் பாக்கியம் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

நமாக்வா பச்சோந்தி மரம் ஏறாது, தரையில் வாழும் பச்சோந்தி. குளிர்ந்த காலையில் உடலைக் கறுப்பாக்கி வெயிலை உறிஞ்சிக்கொள்ளும், சூடு ஏறியதும் வெளுத்துவிடும், சில சமயம் வெயில் படும் பக்கம் ஒரு நிறமும் மறுபக்கம் வேறு நிறமுமாக நிற்பதைப் பார்க்கலாம். உடம்பில் சேரும் உப்பை மூக்கு வழியாக வெளியே தள்ளிவிடுகிறது, மூக்கோரம் வெள்ளைப் பொடி ஒட்டியிருந்தால் அதுதான். நாக்கை வீசுவதைக் காட்டச் சில கைடுகள் ஒரு வண்டையோ புழுவையோ முன்னால் போடுவார்கள். ஒரு தடவை பார்த்தால் போதும். படம் சரியாக விழவில்லை என்று திரும்பத் திரும்பப் போடச் சொல்லாதீர்கள், ஊட்டிப் பழகிய பச்சோந்தி வண்டிச் சத்தம் கேட்டதும் ஓடி வர ஆரம்பித்தால் ஒரு நாள் சக்கரத்தில்தான் மாட்டும்.

பெரிங்கே விரியன் ஒரு சாண், ஒன்றரைச் சாண் நீளம்தான் இருக்கும். அதன் கண்கள் தலையின் உச்சியில் இருக்கின்றன, அதனால் உடம்பு முழுவதையும் மணலில் புதைத்துக்கொண்டு கண்ணை மட்டும் வெளியே வைத்துக் காத்திருக்க முடியும். வால் நுனியை மட்டும் மேலே நீட்டிப் புழு போல ஆட்டும், அதைத் தின்ன வரும் பல்லி பாம்புக்கு உணவாகிவிடும். இது விஷப்பாம்பு. கைடு நிறுத்திய தூரத்தில் நில்லுங்கள், குழந்தைகளின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

மண்வெட்டி போல மூக்குள்ள மணல்பல்லியைப் பார்க்க வெயில் ஏற வேண்டும். மணல் சுடும்போது எதிரெதிர்க் காலை மாற்றி மாற்றித் தூக்கி ஆறவைக்கும், ரொம்பச் சுட்டால் தலைகுப்புற மணலுக்குள் பாய்ந்து காணாமல் போகும். மணலுக்குள் பட்டுக் கதவு வைத்த வளையில் வாழும் வெள்ளைச் சிலந்தியைச் சிலர் ஐந்தாவதாகச் சேர்ப்பார்கள்.

எனக்குப் பிடித்தவை என்னவோ கறுப்பு வண்டுகள்தான். மூடுபனி இறங்கும் காலையில் இவற்றில் ஓர் இனம் மணல்மேட்டின் உச்சிக்கு ஏறி, காற்றைப் பார்த்துத் தலையைக் கீழே, பின்பக்கத்தை மேலே வைத்து நிற்கும். முதுகில் படியும் பனி சொட்டாகி வழிந்து நேராக வாய்க்கு வந்து சேரும். வில்லியம் ஹாமில்டனும் மேரி சீலியும் இதை 1976இல் நேச்சர் இதழில் எழுதினார்கள். சீலி வேலை பார்த்த கோபாபெப் ஆய்வு நிலையம் இதே நமீப் பாலைவனத்துக்குள், குய்செப் ஆற்றங்கரையில் இன்றும் இயங்குகிறது. பயணத்தில் இந்தக் காட்சி கண்ணில் படுவது அரிது, ஆனால் வண்டுகள் மணலில் ஓடுவதை எப்படியும் பார்ப்பீர்கள், அப்போது கைடிடம் இதைப் பற்றிக் கேளுங்கள்.

வண்டி மணலில் ஏறும்போது

தார்ச்சாலையில் 30 பிஎஸ்ஐ போல இருக்கும் டயர் காற்றை மணலுக்குள் நுழையும் முன் 15 அளவுக்கோ அதற்கும் கீழேயோ இறக்குவார்கள். காற்று குறைந்தால் டயர் அகன்று மணலில் பாரம் பரவும், வண்டி புதையாது, மணலையும் குறைவாகத்தான் கிளறும். காற்றடிக்கும் பக்கம் மணல் இறுகியிருக்கும், அதில் ஏறி, மறுபக்கச் சரிவில் இறங்குவார்கள். அந்தச் சரிவு 30 பாகைக்கும் மேல் சாய்வாக இருக்கும், மேலிருந்து பார்த்தால் செங்குத்து மாதிரிதான் தெரியும். பதறாதீர்கள், மூக்கு நேராகக் கீழே பார்க்க மெதுவாக இறங்குவதுதான் பாதுகாப்பு, குறுக்கே போனால்தான் வண்டி கவிழும். மணல் பெரிய அளவில் சரியும்போது அடியிலிருந்து ஓர் உறுமல் சத்தம் வரும், சில கைடுகள் எஞ்சினை அணைத்து அதைக் கேட்க வைப்பார்கள். கறுப்புக் கோடுகள் ஓடும் இடத்தில் காந்தத்தை நீட்டி மணலிலிருந்து மாக்னடைட் என்ற இரும்புத் தாதுத் துகள்களை இழுத்துக் காட்டுவதும் உண்டு.

மணல்மேட்டில் விழும் சக்கரத் தடத்தைக் காற்று அழித்துவிடும். ஆனால் மேடுகளுக்கு வெளியே இருக்கும் சரளைச் சமவெளி அப்படி இல்லை. மேலே மெல்லிய ஓடு போல இறுகிக் கிடக்கும் அந்தத் தரையில் பாசிக்காளான்கள் ஒட்டி வளர்ந்திருக்கும், ஒரு வண்டி ஒரே ஒரு முறை ஏறிய தடம் பல பத்தாண்டுகள் அப்படியே கிடக்கும். டமாரா ஆலா என்ற சின்னக் கடற்பறவை கோடை மாதங்களில் இந்தச் சரளையில்தான் முட்டையிடுகிறது, பெரும்பாலும் ஒரே ஒரு முட்டை, கல்லுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. ஆகவே ஏற்கெனவே உள்ள பாதையை விட்டு யாராவது வண்டியைத் திருப்பினால் வாயைத் திறந்து சொல்லுங்கள், காசு கொடுத்து வந்திருப்பது நீங்கள்தான், சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது. வாடகைக் காரில் நீங்களே மணலுக்குள் இறங்கலாமா என்று கேட்டால், என் பதில் வேண்டாம் என்பதுதான். வாடகை ஒப்பந்தத்தைப் படித்துப் பாருங்கள், மணலில் புதைந்து வரும் சேதத்துக்குப் பெரும்பாலும் காப்பீடு இருக்காது.

இன்னொரு நாள் இருந்தால்

வால்விஸ் பேயிலிருந்து தெற்கே சாண்ட்விச் ஹார்பருக்குப் போகும் ஜீப் பயணத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அது நமீப்-நௌக்லஃப்ட் பூங்காவுக்குள், யுனெஸ்கோ 2013இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக்கிய நமீப் மணல் கடலுக்குள் வருகிறது. பெரிய மணல்மேடு நேராகக் கடலில் வந்து விழும் இடத்தில், அலைக்கும் மணலுக்கும் நடுவில் இருக்கும் ஒடுங்கிய கரையில் வண்டி ஓடும். கடல் ஏற்றத்தில் அந்தக் கரையே மூழ்கிவிடும் என்பதால் நேரத்தைக் கடல்தான் முடிவு செய்கிறது, நடத்துகிறவர்கள் கிளம்பும் நேரத்தை மாற்றினால் சண்டை போடாதீர்கள். வழியில் வால்விஸ் பே காயலில் பூநாரைகள், கரையில் நரி, கடல்நாய், சில சமயம் ஸ்பிரிங்பாக் மான்கள். மதியச் சாப்பாட்டில் சிப்பி பரிமாறுவது வழக்கம், சைவம் சாப்பிடுகிறவர்கள் முன்பதிவிலேயே எழுதிவிடுங்கள். பல்லியும் வண்டும் பார்க்க வேண்டுமென்றால் இது பத்தாது, ஒரு நாள்தான் கையில் இருக்கிறது என்றால் என் ஓட்டு ஸ்வாகோப்மண்ட் காலைப் பயணத்துக்கே.

சென்னையிலிருந்து நேரடி விமானம் இல்லை. அடிஸ் அபாபா அல்லது ஜோகன்னஸ்பர்க் வழியாகத் தலைநகர் விண்ட்ஹோக் போய், அங்கிருந்து 360 கிலோமீட்டர் போல நல்ல தார்ச்சாலையில் நாலு மணி நேரம். நம் ஊர் மாதிரியே இடப்பக்கம்தான் ஓட்டுவார்கள். எத்தியோப்பியா வழியாகப் போவதாக இருந்தால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் போகும்போதோ திரும்பும்போதோ தேவையா என்பதைப் பயணச்சீட்டு எடுக்கும் முன்பே பார்த்துவிடுங்கள், விசா விதிகளையும் அப்போதே பாருங்கள். நமீபிய டாலரும் தென்னாப்பிரிக்க ராண்டும் ஒரே மதிப்பு, ராண்ட் அங்கே செல்லும். கைடுக்குப் பத்து சதவீதம் போல டிப்ஸ் கொடுப்பது வழக்கம், சில்லறையை முந்தின இரவே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.